கொரிதோவில் யாருக்குப் பெயர் உண்டு?

மெக்சிகோவின் வட மாநிலங்களில் வழங்கும் கொரிதோ பாடல்களை ஸ்பானிய மொழி தெரியாமல் கேட்கும் ஒருவர், அவற்றைக் கல்யாண வீட்டுப் பாட்டென்றே எண்ணிக்கொள்வார். அக்கார்டியன் துள்ளிக்கொண்டு முன்னே ஓடும். பாஹோ செக்ஸ்தோ என்னும் 12 கம்பிக் கித்தார் அதற்கு அடியில் தாளம் போட்டுக்கொண்டே வரும். ஜெர்மானிய, செக் குடியேறிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எல்லைப் பகுதிக்குக் கொண்டுவந்த போல்கா, வால்ட்ஸ் நடைகள் அதில் இன்னும் உயிரோடு இருக்கும். வரிகளை எழுத்துக் கூட்டிப் படித்துப் பொருள் தேடிய பிறகுதான், அந்தத் துள்ளலின் மீது ஒரு கடத்தலும் ஒரு காட்டிக்கொடுப்பும் சாலையோரம் கிடக்கும் ஓர் உடலும் ஏறி வருவது புரியும். நான் இந்தப் பாடல்களை நெடுங்காலமாகக் கேட்டு வருகிறேன். அவற்றின் மீது எனக்குப் பற்று உண்டு. அவற்றில் ஒரு பகுதி இன்று போய்ச் சேர்ந்திருக்கும் இடத்தைப் பார்க்கும்போது அதே அளவுக்கு வருத்தமும் உண்டு. போதைப்பொருள் கும்பல்களைப் பாடும் நார்கோ கொரிதோ பற்றிய விவாதம், தடை செய்ய வேண்டுமா, வேண்டாமா என்ற ஒரே கேள்வியில் முட்டி நின்றுவிடுகிறது. பாட்டுக்குள் யாருக்குப் பெயர் கிடைக்கிறது, அந்தப் பெயருக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதையே அதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கொரிதோ என்பது கதை சொல்லும் பாட்டு. பெரும்பாலும் எட்டு அசை கொண்ட வரிகள், நான்கு நான்காகச் சேர்ந்த கண்ணிகள், தொடக்கத்தில் நாளும் ஊரும் ஆளும், முடிவில் பாடகர் கேட்பவர்களிடம் விடைபெறுவது என்பது அதன் பழைய இலக்கணம். 1910இல் புரட்சி தொடங்கியபோது போர்க்களச் செய்திகள் இந்த வடிவில்தான் எழுத்தறியாத மக்களிடம் சென்றன. அதற்கும் முன்பே, 1901இல், டெக்சஸில் கிரெகோரியோ கோர்த்தெஸ் என்ற விவசாயி, தன் அண்ணனைச் சுட்ட ஷெரிஃபைச் சுட்டுவிட்டுப் பெரும் காவல் படைகளுக்குப் போக்குக் காட்டி ஓடிய கதை பாட்டானது. எல்லையோர மெக்சிகர்களுக்கு அன்றைய சட்டம் அந்நியருடைய சட்டம். அதை எதிர்த்து நின்றவன் அவர்களுடைய ஆள். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்குக் காலத்தில் தெகிலா கடத்தியவர்கள் இந்த மரியாதையை அப்படியே சுவீகரித்துக்கொண்டார்கள். சிவுதாத் ஹுவாரெஸ் நகரத்துப் போதைப்பொருள் வியாபாரி ஒருவரைப் பற்றிய பாட்டு 1931இலேயே எல் பாசோவில் இசைத்தட்டாகிவிட்டது. கும்பல்காரரைப் பாடுவது நேற்று முளைத்த வழக்கம் அல்ல என்று பாடகர்கள் சொல்லும்போது அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அநியாயத்தை எதிர்த்து ஓடியவனுக்குக் கிடைத்த மரியாதை, சரக்கு விற்றவனுக்கு எந்தக் கேள்வியும் இன்றிக் கைமாறியது என்பதையும் அதே வரலாறுதான் காட்டுகிறது.

இந்த வகைப் பாட்டுக்குப் பெரிய சந்தையைத் திறந்தவர்கள் லோஸ் திக்ரெஸ் தெல் நோர்தே. சினலோவா மாநிலத்தின் மொகோரித்தோ வட்டாரத்துச் சிற்றூரில் பிறந்து, கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இளம் வயதிலேயே குடியேறிய எர்னாந்தெஸ் சகோதரர்களின் குழு அது. 1970களின் முற்பாதியில் அவர்கள் பாடிய 'கொந்த்ரபாந்தோ இ த்ராய்சியோன்', ஆங்கெல் கொன்சாலெஸ் எழுதியது. காமேலியா என்ற டெக்சஸ் பெண்ணும் எமிலியோ வரேலா என்ற ஆணும் கார் டயர்களுக்குள் கஞ்சாவை நிரப்பிக்கொண்டு திஹுவானாவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் செல்கிறார்கள். வழியில் குடிவரவு அதிகாரிகளின் சோதனையையும் தாண்டுகிறார்கள். இருண்ட சந்தொன்றில் டயர்களை மாற்றிப் பணத்தை வாங்கிய பிறகு, உன் பங்கை எடுத்துக்கொண்டு நீ உன் வழியில் போ, நான் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கும் என் காதலியிடம் போகிறேன் என்கிறான் எமிலியோ. ஏழு குண்டுகள் வெடிக்கின்றன. போலீசுக்குக் கிடைப்பது வீசியெறிந்த கைத்துப்பாக்கி ஒன்றுதான். பணத்தைப் பற்றியும் காமேலியாவைப் பற்றியும் அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. மூன்று நிமிடத்துச் சொச்சத்தில் முழுத் திரைப்படத்தையே ஓட்டிக் காட்டும் இந்தச் சிக்கனத்தை வியக்காமல் என்னால் இருக்க முடிந்ததில்லை. அதே குழு பாடிய 'லா பாந்தா தெல் கார்ரோ ரோஹோ' பாட்டில், சிகாகோவுக்குக் கொக்கெயின் கொண்டுபோகும் சிவப்புக் காரை டெக்சஸ் போலீஸ் மடக்குகிறது. சண்டை முடிந்ததும் சிலுவைகள் எண்ணப்படுகின்றன: காரில் வந்தவர்கள் நான்கு பேர், அரசு ஆட்கள் மூன்று பேர். இரு பக்கத்துச் சாவும் ஒரே கணக்கில் வருவதையும், கதை சொல்பவன் எந்தக் கட்சியிலும் சேராமல் வெளியே நிற்பதையும் கவனிக்க வேண்டும். காமேலியா கற்பனைப் பாத்திரம். தன்னைப் பாடச் சொல்லி யாரிடமும் அவள் காசு கொடுக்கவில்லை.

காசு கொடுத்துப் பாடச் சொல்லும் பழக்கத்தைத் தன் பெயரோடு சேர்த்து நிலைநிறுத்தியவர் சலீனோ சான்செஸ். 1960இல் குலியகான் நகருக்கு அருகில் பிறந்தவர். தன் அக்காவைக் கெடுத்தவனைப் பதினைந்து வயதில் ஒரு விருந்தில் சுட்டுவிட்டு லாஸ் ஏஞ்சலஸுக்குத் தப்பி வந்தார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை. 1984இல் அவருடைய அண்ணன் திஹுவானாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த அண்ணனுக்காக எழுதியதுதான் அவருடைய முதல் கொரிதோ. பிறகு திஹுவானா சிறையில் சில மாதங்கள் இருந்தபோது, சக கைதிகள் தங்கள் கதையைச் சொல்ல, அதைப் பாட்டாகக் கட்டிக் கொடுத்துக் கூலி பெற்றார். வெளியே வந்த பிறகும் அதையே தொழிலாக்கிக்கொண்டார். பாட்டு வேண்டும் என்று வருபவர் தன் பெயர், ஊர், கூட்டாளிகள், கையில் வைத்திருக்கும் துப்பாக்கியின் வகை எல்லாவற்றையும் சொல்வார். அவருக்கென்று ஒரு கேசட் பதிவாகும். நண்பர்களும் கேட்கத் தொடங்கியதும் பிரதிகள் போடப்பட்டு, காரின் பின்பெட்டியிலும் வாரச் சந்தைகளிலும் விற்பனையாயின. வானொலி அவரைச் சீண்டவில்லை. குரல் கரகரப்பானது, சுருதி அடிக்கடி விலகும். தான் பாடுவதில்லை, குரைக்கிறேன் என்று அவரே சொன்னதாகச் சொல்வார்கள். ஆனால் சினலோவா மலைக்கிராமத்துப் பேச்சு அப்படியே அந்தக் குரலில் இருந்தது. லாஸ் ஏஞ்சலஸின் தோட்டங்களிலும் தொழிற்கூடங்களிலும் உழைத்த, ஊர்ப் பேச்சை மறைத்துக்கொண்டு வாழ்ந்த இளைஞர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை இந்தப் பாடல்களை வெறுப்பவர்கள் யோசிப்பதே இல்லை.

1992 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் கோச்செல்லா ஊரில், ஓர் உணவகத்து மேடையில் அவர் பாடிக்கொண்டிருந்தபோது கூட்டத்திலிருந்து ஒருவன் ஏறி வந்து சுட்டான். சலீனோ தன் இடுப்பிலிருந்த துப்பாக்கியை எடுத்துத் திருப்பிச் சுட்டார். கூட்டத்தில் ஒருவர் இறந்தார். அந்தச் செய்தி பரவியதும் சலீனோவின் கேசட்டுகள் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு விற்றன. அதே ஆண்டு மே மாதம் குலியகானில் ஒரு கச்சேரி. அதன் வீடியோ இன்றும் இணையத்தில் இருக்கிறது. மேடையில் யாரோ ஒரு துண்டுச் சீட்டை நீட்டுகிறார்கள். அவர் படிக்கிறார், முகம் ஒரு கணம் மாறுகிறது, வியர்வையைத் துடைத்துக்கொள்கிறார், சீட்டைக் கசக்கிவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்குகிறார். சீட்டில் என்ன எழுதியிருந்தது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. கச்சேரி முடிந்து திரும்பும் வழியில், போலீஸ் என்று சொல்லிக்கொண்ட ஆட்கள் அவரை அழைத்துச் சென்றார்கள். மே 16 காலையில் ஒரு பாசனக் கால்வாயின் அருகில் உடல் கிடந்தது. அவருக்கு அப்போது வயது 31. ஒரு பாட்டு வடிவம் முழுவதும் அந்தச் சாவுக்குப் பின் திசை மாறியது. அவரைப் போலவே தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, அவரைப் போலவே கரகரத்த குரலில் பாடும் இளைஞர்கள் லாஸ் ஏஞ்சலஸில் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பாடுபவரும் பாடப்படுபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ரசிகர்களிடம் அங்கிருந்துதான் வேர்விட்டது என்பது என் கணிப்பு.

அதற்குப் பிறகு வந்த மாற்றத்தை ஓர் இலக்கண மாற்றமாகவே சொல்லிவிடலாம். 'அவன்' என்று பாடிய கொரிதோ, 'நான்' என்றும் 'நாங்கள்' என்றும் பாடத் தொடங்கியது. 2006 டிசம்பரில் ஜனாதிபதி ஃபெலிப்பே கால்தெரோன் கும்பல்களுக்கு எதிராக ராணுவத்தை இறக்கினார், கொலைகள் பெருகின. அந்தச் சூழலில், 2010ஐ ஒட்டி, 'மோவிமியெந்தோ அல்தெராதோ' என்ற அலை எழுந்தது. கலிஃபோர்னியாவில் தயாரிக்கப்பட்ட அந்தப் பாடல்களில் பசூக்காக்களும் தலை வெட்டுவதும் கொண்டாட்டப் பொருளாயின. சினலோவா கும்பலின் தளபதிகள் பட்டப்பெயரோடு வாழ்த்தப்பட்டார்கள். கதை என்ற ஒன்று ஏறக்குறைய மறைந்தே போயிற்று. எமிலியோவுக்கும் காமேலியாவுக்கும் இடையில் நடந்ததைப் போன்ற திருப்பமோ, பின்விளைவோ, வெளியே நின்று பார்க்கும் ஒருவரோ அவற்றில் இல்லை. நான் இப்பாடல்களில் சிலவற்றை வரி வரியாகப் படித்திருக்கிறேன். வெட்டப்பட்டவன் யார் என்று எந்த வரியும் சொல்லவில்லை. வெட்டியவனுக்குப் பெயரும் பட்டமும் ஆயுதமும் வண்டியும் இருக்கின்றன. எதிரில் நின்றவன் 'எதிரி' என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடுகிறான்.

இன்றைய தலைமுறையின் கொரிதோஸ் தும்பாதோஸ் இந்த அளவுக்கு மூர்க்கமானவை அல்ல. சோனோரா மாநிலத்தின் எர்மோசியோ நகரத்து நத்தானியேல் கானோ 2019இல் பெயர் சூட்டிப் பரப்பிய இந்த வகையில், ஹிப் ஹாப்பிலிருந்து கிளைத்த ட்ராப் இசையின் தளர்ந்த நடையும் கம்பிகள் பறக்கும் ரெகிந்தோ கித்தாரும் சேர்ந்துகொண்டன. ஹலிஸ்கோ மாநிலத்தின் சபோபான் நகரில் பிறந்த பேசோ ப்ளூமா, எஸ்லாபோன் அர்மாதோ குழுவுடன் சேர்ந்து பாடிய 'எயா பைலா சோலா' 2023இல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாடல் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. மெக்சிகோவின் வட்டார இசை அந்தப் பட்டியலின் முதல் பத்துக்குள் நுழைந்தது அதுவே முதல் முறை. அது ஒரு காதல் பாட்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இந்த இசை முழுவதையும் கும்பல் பாட்டென்று பார்ப்பது பெரிய அநியாயம். ஆனால் அதே பாடகர் பெயர் சொல்லியும் சொல்லாமலும் சினலோவா கும்பலைச் சார்ந்தவர்களைப் பாடியிருக்கிறார். 2023 செப்டம்பரில் திஹுவானாவில், அதன் எதிரியான ஹலிஸ்கோ கும்பலின் பெயரில், அங்கே அவர் பாடினால் கொன்றுவிடுவோம் என்ற பதாகைகள் தொங்கின. அவர் கச்சேரியை ரத்து செய்தார்.

நாங்கள் நடப்பதைத்தான் பாடுகிறோம், நாங்கள் செய்தியாளர்கள் மாதிரி என்பது பாடகர்கள் சொல்லும் வழக்கமான சமாதானம். இதை நான் பாதி ஏற்கிறேன். உள்ளூர்ப் பத்திரிகையாளர்கள் கொல்லப்பட்டும் மிரட்டப்பட்டும் வாய் மூடவைக்கப்பட்ட வட்டாரங்களில், யார் பிடிபட்டார், யார் வீழ்ந்தார் என்பது பல நேரம் பாட்டின் வழியாகத்தான் வெளியே வருகிறது. 2019 அக்டோபர் 17 அன்று, சினலோவா கும்பலின் முன்னாள் தலைவன் எல் சாப்போவின் மகன் ஓவிதியோ குஸ்மானைப் பிடித்த அரசு, ஆயுதம் தாங்கிய கும்பல் குலியகானை முற்றுகையிட்டதால் அவரை விடுவித்தது. மிகச் சில நாட்களுக்குள் அதைப் பற்றிய கொரிதோக்கள் யூடியூபில் இருந்தன. ஆனால் செய்தியின் நாயகனே செய்திக்குக் கூலி கொடுக்கும்போது அதைச் செய்தி என்று எப்படிச் சொல்வது? அந்த முற்றுகையில் இறந்தவர்களின் பெயர்களை அந்தப் பாடல்களில் தேடிப் பார்த்தேன். நான் கேட்டவற்றில் அவை இல்லை.

அதே நேரத்தில், பாடகர்களை வசதியாகக் கொழுத்த கூலிக்காரர்களாகக் காட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. பாடகர் வாலெந்தின் எலிசால்தே 2006 நவம்பர் 25 அன்று ரெய்னோசாவில் கச்சேரி முடிந்து புறப்படும்போது, மேலாளரோடும் ஓட்டுநரோடும் சேர்த்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். எதிரிகளுக்குச் சவால் விடும் பாட்டொன்றை எதிர்க் கும்பலின் ஊரில் பாடியதே காரணம் என்று பரவலாக நம்பப்படுகிறது. ஆனால் அடுத்த ஆண்டு கொல்லப்பட்ட கா-பாஸ் தெ லா சியெர்ரா குழுவின் செர்ஹியோ கோமெஸ் பாடியவை காதல் பாட்டுகள். 2013 ஜனவரியில் நுவெவோ லியோன் மாநிலத்தில், ஒரு தனியார் விருந்துக்கு வாசிக்கப் போன கொம்போ கொலோம்பியா குழுவைச் சேர்ந்த 17 பேரின் உடல்கள் ஒரு கிணற்றிலிருந்து எடுக்கப்பட்டன. அவர்கள் கொரிதோவே பாடாதவர்கள். 2025 மே மாதத்திலும் ரெய்னோசாவில் குருப்போ ஃபுகித்திவோ குழுவின் ஐந்து பேர் இதேபோல ஒரு விருந்துக்கென்று அழைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். கூப்பிடுபவர் யார் என்று தெரியாமலே போக வேண்டிய தொழில் இது. தெரிந்தாலும் மாட்டேன் என்று சொல்ல முடியாது.

அரசுகளின் மறுமொழி எப்போதும் தடைதான். சினலோவாவில் 1987இலேயே ஆளுநர் வானொலி நிலையங்களை இந்தப் பாடல்களை ஒலிபரப்ப வேண்டாமென்று வற்புறுத்தினார். 2011இல் அதே மாநிலம் மதுக்கூடங்களில் இவற்றைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சிவாவா நகரம் 2012இல் லோஸ் திக்ரெஸ் குழுவுக்கே அபராதம் விதித்தது. 2023 நவம்பரில் திஹுவானா, 2025இல் நயாரித், மிச்சோவாக்கான், அகுவாஸ்காலியெந்தெஸ் என்று பட்டியல் நீள்கிறது. இந்தத் தடைகள் எந்தக் கும்பலையும் தொட்டதில்லை. 2025 ஏப்ரல் 11 அன்று டெஸ்கோகோ குதிரைச் சந்தைத் திருவிழாவில் பாடகர் லூயிஸ் ஆர். கொன்ரிகெஸ், அரசின் உத்தரவால் அந்தப் பாடல்களைப் பாட முடியாது என்று மேடையில் அறிவித்தபோது, கூட்டம் குவளைகளையும் நாற்காலிகளையும் வீசியது. மேடையேறி வாத்தியங்களை உடைத்தது. தடையை வகுத்த அதிகாரி அந்த மேடையில் இல்லை. அடி வாங்கியவை இசைக்கலைஞர்களின் சொந்த வாத்தியங்கள். ஜனாதிபதி கிளாவுதியா ஷெயின்பாம் தடையை ஆதரிக்கவில்லை. வன்முறையைப் புகழாத பாடல்களுக்கென்று 'மெக்சிகோ கான்தா' என்ற போட்டியை அறிவித்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் அரசு பரிசு கொடுத்து உருவாக்கும் நல்ல பாட்டை மதுக்கூடத்தில் யார் கேட்டு வாங்கப் போகிறார்கள் என்ற ஐயம் எனக்கு இருக்கிறது.

பணத்தைத் தொடர்ந்து போன ஒரு வழக்கு இதைவிடப் பயனுள்ளதாக எனக்குத் தோன்றுகிறது. தெல் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனத்தின் தலைவர் ஆங்கெல் தெல் வியார், ஹலிஸ்கோ கும்பலோடு தொடர்புடையவர் என்று 2018இல் அமெரிக்கக் கருவூலத் துறை தடைப்பட்டியலில் சேர்த்த ஒரு நிகழ்ச்சி அமைப்பாளரோடு தொழில் செய்ததற்காக, 2025 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸில் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார். ஆகஸ்டில் நான்கு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். அந்த நிறுவனத்தின் நட்சத்திரமாக இருந்த ஹெரார்தோ ஓர்த்தீஸ் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு சாட்சி சொன்னார். 2011இல் கொலீமாவில் கச்சேரி முடிந்து திரும்பிய அவருடைய வண்டியின் மீது குண்டு மழை பொழிந்து, உடன் வந்த இருவர் இறந்திருந்தார்கள். அந்த விசாரணையில் ஒரு பாட்டின் வரி கூடக் குற்றமாக்கப்படவில்லை. மேடையை யார் வாடகைக்கு எடுத்தார், காசோலை எங்கிருந்து வந்தது என்பது மட்டுமே கேட்கப்பட்டது.

2025 மார்ச் மாதத்தை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. மாதத் தொடக்கத்தில், காணாமல்போன தங்கள் பிள்ளைகளைத் தேடும் குடும்பங்களின் குழு ஒன்று, ஹலிஸ்கோ மாநிலத்துத் தெயுச்சித்லான் அருகே இசாகிர்ரே என்ற பண்ணைக்குள் சென்றது. எரிந்த எலும்புத் துண்டுகளும் நூற்றுக்கணக்கான காலணிகளும் பைகளும் துணிகளும் அங்கே கிடந்தன. அந்தப் படங்களைப் பார்த்து, இது என் மகனுடைய சட்டை என்று சொன்ன தாய்மார்கள் இருந்தார்கள். அதே மாதம் 29ஆம் தேதி, அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத் தூரத்தில், சபோபான் நகரத்து அரங்கமொன்றில் லோஸ் அலெக்ரெஸ் தெல் பராங்கோ குழு பாடியபோது, ஹலிஸ்கோ கும்பலின் தலைவன் எல் மெஞ்சோவின் படம் பெரிய திரையில் ஒளிர்ந்தது, கூட்டம் ஆரவாரித்தது. சில நாட்களில் அமெரிக்கா அக்குழுவினரின் விசாக்களை ரத்து செய்தது. ஹலிஸ்கோ அரசு வழக்குத் தொடுத்தது. திரையில் ஒரு முகம் ஒளிர்ந்தது. பண்ணையில் கிடந்த காலணிகளுக்கு உரியவர்கள் யார் என்று அன்றும் தெரியாது. மெக்சிகோவில் காணாமல்போனவர்களின் அரசுப் பதிவேடு 2022 மே மாதத்திலேயே 1,00,000 பேரைத் தாண்டிவிட்டது. அவர்களைத் தேடும் பெண்கள் நீண்ட இரும்புக் கம்பியை மண்ணில் இறக்கி, வெளியே எடுத்து, அதன் நுனியை முகர்ந்து பார்க்கிறார்கள். பிண வாடை வந்தால் அங்கே தோண்டுகிறார்கள். நாளும் ஊரும் பெயரும் சொல்லித் தொடங்குவதற்கென்றே பிறந்த ஒரு பாட்டு வடிவத்துக்கு இதைவிட உரிய பொருள் எது?

வடிவத்தின் மீது எனக்கு இன்னும் நம்பிக்கை இருப்பதற்குக் காரணம் விவிர் கிந்தானா. கொவாவிலா மாநிலத்தில் பிறந்த இந்தப் பாடகி, பெண்கள் கொல்லப்படுவதை எதிர்த்து 2020இல் எழுதிய பாட்டு போராட்டங்கள்தோறும் ஒலித்தது. 2025இல் அவர் வெளியிட்ட இசைத்தொகுப்பு முழுவதும் கொரிதோக்கள். தங்களைக் கொடுமைப்படுத்திய ஆண்களிடமிருந்து உயிரைக் காத்துக்கொள்ளும்போது கொன்றுவிட்டுச் சிறைக்குப் போன பெண்களின் உண்மைக் கதைகள் அவை. அப்பெண்களைச் சிறைகளில் சந்தித்துப் பேசி, பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். அவற்றிலும் இரத்தம் உண்டு, துப்பாக்கி உண்டு. 'நான்' என்றுதான் அவையும் பேசுகின்றன. அந்தக் குரல்களுக்குச் சொந்தமான பெண்கள் யாரும் பாட்டுக்குக் கூலி கொடுத்தவர்கள் அல்ல. இப்போதைக்கு அந்தத் தொகுப்பைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். இந்த இசையைப் புதிதாகக் கேட்க விரும்புபவர்கள், காமேலியாவின் பாட்டையும் சலீனோவின் பழைய பதிவுகளில் ஒன்றையும் கேட்ட பிறகு, இதையும் கேளுங்கள்.